மனநோய் மாறுமா? - சென்னை ஆய்வுகள் கூறும் விடை

சென்ட்ரலிலிருந்து பட்டாபிராம் வரும் மின்சார வண்டியில் ஒருவன் சற்றே பொருத்தமின்றிப் பேசிவிட்டால் போதும். "இது கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் முத்திரை குத்திவிடுவார்கள். ஒரு மருத்துவமனையின் பொருட்டு, மாநகரின் ஒரு பகுதியே வசைச்சொல்லாகிவிட்ட விந்தை இது. 1794-ஆம் ஆண்டு வாலன்டைன் கானலி என்னும் மருத்துவர் சென்னையில் நிறுவிய காப்பகத்தின் வழிவந்த மருத்துவமனை, 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. உள்ளே போனவன் தேறி வரமாட்டான் என்ற எண்ணம் அந்த மதிற்சுவரைப் போலவே உயர்ந்து நின்றுவிட்டது. அந்த எண்ணம் சரிதானா? ஊகத்தால் அன்றி, ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்து விடை கண்டவர்கள் நம் சென்னையிலேயே உள்ளனர். அவர்களைப் பற்றி நம் மாணவத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். இல்லாத குரல் காதில் ஒலிப்பது, அயலார் தன்னைக் கொல்லச் சதி செய்கின்றனர் என்று அசையாமல் நம்புவது, எண்ணமும் சொல்லும் தொடர்பறுவது ஆகியவை மனச்சிதைவு போன்ற பெரு மனநோய்களின் குறிகள். பதற்ற நோய் வேறு. அதில் உலகம் உள்ளபடியேதான் தெரியும். ஆனால் அச்சம் அளவு மீறும். தேர்வுக்கு முன்நாள் நமக்கெல்லாம் வரும் படபடப்பு நோயன்று. அந்தப் படபடப்பு ஆண்டு முழுவதும் நீடித்து, ஒருவனைக் கல்லூரி வாயிலையே மிதிக்கவிடாமல் செய்யுமானால் அது நோய்.

ஒரு மருத்துவ முறை பயன்படுகிறதா என்பதை எவ்வாறு அறிவது? "கொடுத்தோம், குணமானான்" என்றால் போதாதா? போதாது என்பதற்கு இன்சுலின் மயக்க மருத்துவத்தின் கதையே சான்று. 1930-களில் வியன்னாவில் மான்ஃபிரட் சாக்கெல் கண்ட முறை அது. இன்சுலினைக் கூட்டிக் கூட்டிச் செலுத்தி நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்துவர். பின்னர்ச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து எழுப்புவர். ஆபத்தான வேலை, சிலர் எழாமலே போனதும் உண்டு. ஆயினும் பலர் தேறினர் என்று சொல்லி, இருபது ஆண்டுகளாக உலகெங்கும், நம் நாட்டிலும் இதனைக் கையாண்டனர். 1957-இல் இங்கிலாந்தில் ஆக்னரும் அவருடைய துணைவர்களும் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இன்சுலினாலும், மற்றவருக்குச் சாதாரண உறக்க மருந்தாலும் மயக்கம் தந்து பார்த்தனர். இரு சாராரும் ஒரே அளவில்தான் தேறினர்! தேற்றியது இன்சுலின் அன்று. செவிலியரின் இடைவிடாத கவனிப்பே தேற்றியிருக்கலாம் என்று கருத இடமுண்டாயிற்று. ஒப்பிட்டு நோக்க ஓர் எதிர்ப்பிரிவு இல்லாத சோதனை எத்தனை பேரை எத்தனை காலம் ஏமாற்றக்கூடும், பாருங்கள்.

மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேர் பித்துக்கு உதவும் என்பது நாட்டு மருத்துவர் அறிந்ததே. கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்து, கண்டதை 1931-இல் கட்டுரையாக வெளியிட்டனர். மேனாட்டார் அதனைக் கவனிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கிவிட்டது. பின்பு வேரின் சத்தாகிய ரிசர்பைன் பின்தங்கியது.

மருந்து குரலை அடக்கலாம். ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து அந்த மனிதன் எங்கே இருப்பான்? வேலை பார்ப்பானா? மணம் செய்திருப்பானா? ஆறு வாரச் சோதனை எதுவும் இதற்கு விடை கூறாது. இங்கேதான் சென்னை ஆய்வு தனித்து நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-களின் தொடக்கத்தில் சென்னை, வேலூர், இலக்னோ ஆகிய மூன்று ஊர்களில் மனச்சிதைவின் போக்கை ஆராய முற்பட்டது. சென்னையில் முதன்முறையாக நோய்கண்டு வந்த 90 பேர் சேர்க்கப்பட்டனர். கழகத்தின் திட்டம் முடிந்த பின்னும் சென்னை ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடவில்லை. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தில் அப்பணி தொடர்ந்தது. டாக்டர் தாராவும் உடன் பணியாற்றியோரும் பத்தாம் ஆண்டில் 76 பேரையும், இருபதாம் ஆண்டில் 61 பேரையும் கண்டு ஆராய்ந்தனர். வாடகை வீடு மாறுவதே வழக்கமாகிவிட்ட இந்நகரில், இருபது ஆண்டுகள் கழித்து ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிய செயலா?

கண்டது என்ன? நோய் முற்றி முற்றி மனிதனை அழித்தே தீரும் என்ற பழங்கொள்கை பொய்த்தது. பெரும்பாலோர் தேறினர், பலருக்கு நோய் மீண்டும் வந்தது, மீண்டும் தணிந்தது. இடையறாது நோயிலேயே கிடந்தவர் சிலரே. ஆண்களில் பலர் வேலைக்குச் சென்றனர். மணவாழ்வு நடத்தியவரும் பலர். எல்லாம் இனிதே முடிந்ததென்று எண்ணிவிட வேண்டா. இடையில் இறந்தோர் உண்டு. தற்கொலை செய்துகொண்டோரும் உண்டு. நோயுற்றுக் கணவனால் கைவிடப்பட்ட சென்னைப் பெண்களைப் பற்றி 2003-இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, அவர்களுள் பெரும்பாலோர் முதிய பெற்றோரின் நிழலிலேயே வாழ்ந்ததைக் காட்டிற்று. பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் ஆக்ரா, சண்டிகர் உள்ளிட்ட பல நாட்டு ஊர்களில் நடத்திய ஆய்வுகளும், ஏழை நாடுகளில் இந்நோயாளிகள் மேலாகத் தேறுகின்றனர் என்றன. கூட்டுக் குடும்பமே காரணம் என்று பலர் மகிழ்ந்து எழுதினர். ஆனால் 2008-இல் அக்கூற்றை ஐயுற்றுக் கேள்வி எழுப்பிய கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் அதே டாக்டர் தாரா! தமக்குச் சாதகமான முடிவையும் உரைத்துப் பார்ப்பதே ஆராய்ச்சி. எனினும் குடும்பத்தின் பங்கை யாரும் மறுக்கவில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்குவது நெடுங்கால வழக்கம்.

இனி நம் பக்கத்து நிலை. எங்கள் சேக்காடு ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே உள்ள ஊர். தொழிற்சாலைக்கும் படைத்துறை அலுவலகங்களுக்கும் செல்வோர் மிகுந்த சுற்றுப்புறம். இயந்திரத்தை நுணுகி அறிந்த குடும்பத்திலும், பையன் தனக்குத்தானே பேசத் தொடங்கினால் முதலில் தேடுவது தாயத்து கட்டுபவரைத்தான். கோயிலால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ரகுராம் குழுவினர் அளவுகோல் கொண்டு மதிப்பிட்டு, நோய்க்குறிகள் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு குறைந்தன என 2002-இல் எழுதினர். சங்கிலியோ அடியோ இல்லாத, அன்பான இடம் அது. எதிர்ப்பிரிவு வைத்த சோதனை அன்று என்பதையும் மறவாதீர். அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6-இல், ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். பிணித்து வைத்தல் ஒருபுறமிருக்க, காலங்கடத்துவதே கேடு. மருத்துவம் தொடங்கத் தாமதமாகும் அளவுக்குத் தேறுவதும் கடினமாகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருத்துவர் போதாமையை என் செய்வது? காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களும் கோவாவும் சதாராவும் சேர்ந்த சோதனை ஒன்றில், மனச்சிதைவுற்ற 282 பேருள் ஒரு பிரிவினருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் வீடு தேடிச் செல்லும் உதவியும் தரப்பட்டது. மருத்துவர் அல்லாத பணியாளர் அவர்கள். உதவி பெற்றவர் சற்றே கூடுதலாகத் தேறினர் என்பது 2014-இல் வெளியான முடிவு. 'சற்றே' என்பதை அவர்களே ஒளிக்காமல் எழுதியுள்ளனர்.

பதற்ற நோய்க்கு மருத்துவம் இன்னும் எளிது. அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் முறையை 1958-இல் ஜோசப் வோல்பி நூலாக்கினார். அதன் வழிவந்த பயிற்சிகள் இன்றும் சோதனைகளில் நிலைத்து நிற்கின்றன. 1963-இல் வந்த டயசிபாம் மாத்திரை உடனே அமைதி தரும். நாள்பட விழுங்கினால் அதுவே விடாத பழக்கமாகும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் தோழர்கள் இதனைக் கருதுக. பேசத் தயங்குவோருக்கு, 2022 முதல் நடுவண் அரசின் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே, எந்நேரமும் ஆலோசனை கிடைக்கிறது. பெயரைச் சொல்லாமலும் பேசலாம்.