குட்டை டாக்ஷண்டின் ரத்தத்தில் ஒரு கீறல் ரெக்கார்டு

ஒரே ஒரு குப்பி ரத்தம். அவ்வளவுதான் கேட்கிறார்கள்! முரட்டு முடியும் தாடியும் குட்டைக் காலுமாக நிற்கிற மினியேச்சர் வயர்ஹேர்டு டாக்ஷண்ட் நாயிடமிருந்து கொஞ்சம் எடுத்து, மைக்ரோசிப் எண்ணை எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று. அங்கே என்ன நடக்கிறது? வாருங்கள், எட்டிப் பார்த்துவிடுவோம். எனக்கு நினைத்தாலே சிலிர்க்கிறது.

முதலில் அணுக்களை உடைத்து டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். நாயின் மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 240 கோடி எழுத்து. தேடுவதோ 12 எழுத்துத் துணுக்கு! ஈபிஎம்2பி என்கிற மரபணுவுக்குள் அது இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து வந்தால் ஒன்றும் ஆகாது. நோயுள்ள நாயிடமோ கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி 20 தடவை போல அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த இடத்தை மட்டும் எண்ணற்ற நகல்களாகப் பெருக்கி, ஜெல்லில் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். குட்டைத் துண்டு விறுவிறுவென்று ஓடும், நீளத் துண்டு பின்தங்கும். பட்டை எங்கே நிற்கிறதோ அதுதான் விடை!

இந்தக் கோளாறால் வருவது லஃபோரா நோய். நரம்பணுக்களில் மாவுச்சத்து போன்ற பொருள் கட்டிகட்டியாகச் சேர்கிறது. நடுவயது வரை துள்ளித் திரிந்த நாய், டிவி வெளிச்சம் மினுக்கினாலே வெடுக்கென்று உதறுகிறது, தட்டு விழுந்தாலும் அப்படித்தான். பிறகு வலிப்பு. பதின்வயதுப் பிள்ளைகளைத் தாக்கும் இதே கொடிய நோயை ஸ்பெயின் மருத்துவர் லஃபோரா 1911இல் விவரித்தார். நாயிடம் உள்ள பிழை 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. அந்தத் துணுக்கின் கதை 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, நாய்க் குடும்பத்தின் மூதாதைகளிடம் தொடங்கிவிட்டது என்றும் அதே ஆய்வு தடம்பிடித்தது. 5 கோடி!

அறிக்கையில் மூன்றில் ஒரு சொல் இருக்கும்: கிளியர் (பழுதே இல்லை), கேரியர் (ஒரு பிரதியில் மட்டும் பழுது), அஃபெக்டட் (இரண்டிலும் பழுது). கேரியர் என்று வந்ததும் சிலர் அந்த நாயை இனப்பெருக்கத்திலிருந்தே ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கவே கூடாது! தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். கேரியரைக் கிளியரோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் லஃபோரா வராது. கேரியர்களையெல்லாம் கழித்துக்கட்டினால், ஏற்கெனவே சிறிய இந்த இனம் இன்னும் குறுகி வேறு பரம்பரை நோய்கள் தலைதூக்கும். பிரிட்டனில் வளர்ப்போர் சோதித்துப் பார்த்து ஜோடி சேர்க்கத் தொடங்கியதும், நோய்க்குட்டி பிறக்கக்கூடிய ஈற்றுகள் வெகுவாகக் குறைந்தன.

இந்த இனக் குட்டி வாங்கப் போகிறீர்களா? தாய், தகப்பன் இரண்டின் லஃபோரா சான்றையும் காட்டச் சொல்லுங்கள். ஒன்றாவது கிளியர் என்று கண்ணால் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.