அரக்கோணத்துக் கப்பலும் காசிமேட்டுப் படகும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியிலிருந்து நேர் கிழக்கே போனால் கடலைத் தொட ஏறத்தாழ 70 கி.மீ. ஆகும். கப்பலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். வடக்கே 25 கி.மீ. போனால் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. ஐ.என்.எஸ். என்றால் இந்தியக் கடற்படைக் கப்பல். ஆனால் அங்கே தண்ணீரும் இல்லை, நங்கூரமும் இல்லை. நான்கு கிலோமீட்டர் நீள ஓடுபாதையும், நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கும் பி-8ஐ விமானங்களும்தான் உண்டு. 1992 மார்ச்சில் இந்தத் தளத்தைக் கடற்படை ஒரு போர்க்கப்பலைப் போலவே பணியில் சேர்த்தது. கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர் சூட்டுவது பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து வந்த வழக்கம். நெல்லைச் சீமையின் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மனும் இப்படித்தான் தரையில் நிற்கிறது. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்ததாகத் தலபுராணம் சொல்லும் திருப்புட்குழிக்குப் பக்கத்திலேயே, இன்னொரு பறவையின் பெயரில் ஓடாத கப்பல் ஒன்று!

அப்படியானால் எது கப்பல், எது படகு? பெரியது கப்பல், சிறியது படகு, பணக்காரர்கள் வைத்திருப்பது யாட் என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

மாலுமிகள் சொல்லும் பழைய சோதனை ஒன்று உண்டு: கப்பல் படகைச் சுமக்கும், படகு கப்பலைச் சுமக்காது. உயிர்காக்கும் படகுகள் கப்பலின் பக்கவாட்டில் தொங்குவதைப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் 2000ஆம் ஆண்டு ஏமனில் குண்டுவெடிப்பில் சேதமான அமெரிக்கப் போர்க்கப்பல் 'கோல்', 'புளூ மார்லின்' என்ற கப்பலின் முதுகில் ஏறித்தான் ஊர் திரும்பியது. கோடீஸ்வரர்களின் யாட்டுகளும் ஆளுக்கு நான்கைந்து சிறு படகுகளைச் சுமக்கின்றன. எனவே இந்தச் சோதனை பேச்சுக்கு அழகு, அவ்வளவுதான்.

இரண்டாவது சோதனை கொஞ்சம் உருப்படியானது. வேகமாகத் திரும்பும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சரக்குக் கப்பல் இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் சாயும். தண்ணீர் அதன் அடிப்பாகத்தைத் திருப்பத்தின் உள்பக்கமாகத் தள்ளுகிறது. மேல்தளங்களும் சரக்குமாக உயரத்தில் இருக்கும் எடையோ பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது. அடி உள்ளே, தலை வெளியே. நீரின் மேல் எழும்பிச் சீறும் சிறு மோட்டார் படகு இதற்கு நேர்மாறாக உள்பக்கம் சாய்ந்து திரும்பும். பாலுசெட்டிசத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் பேருந்தையும் அதே வேகத்தில் திரும்பும் பைக்கையும் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மெதுவாகப் போகும் படகுகளுக்கும் பாய்மரத்தில் ஓடுபவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

உண்மையில் பெயரைத் தீர்மானிப்பது சட்டம். சட்டம் அளவை மட்டும் பார்ப்பதில்லை, என்ன வேலைக்குப் போகிறது என்றும் பார்க்கிறது.

கப்பல்களின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருக்கும். எத்தனை ஆழம் வரை சரக்கு ஏற்றலாம் என்பதற்கான அடையாளம் அது. அளவுக்கு மீறி ஏற்றி மாலுமிகளைச் சாகவிட்ட முதலாளிகளுக்கு எதிராக சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் எம்.பி. போராடி 1876இல் கொண்டுவந்த சட்டத்தின் பயன். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஏணிப்படி போலச் சிறு கோடுகளும் இருக்கும்: நன்னீருக்கு ஒன்று, வெப்பக் கடலுக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. இதற்கான 1966ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஒப்பந்தம், நீளம் 24 மீட்டருக்குக் குறைந்த புதுக் கப்பல்களை விட்டுவிடுகிறது. மீன்பிடிக் கலங்களுக்கும் வணிகத்தில் ஈடுபடாத யாட்டுகளுக்கும் எத்தனை நீளமானாலும் விலக்கு.

டைட்டானிக் விபத்துக்குப் பிறகு 1914இல் பிறந்த கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் இதே கதைதான். பன்னாட்டுப் பயணத்தில் 12 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றினால் அது பயணிகள் கப்பல். சரக்குக் கப்பலென்றால் 500 டன்னுக்குக் குறையக் கூடாது. இந்த டன்னை எடை என்று நினைத்துவிட வேண்டாம். கப்பலின் உள்ளிடம் எவ்வளவு என்பதிலிருந்து கணக்கிடும் எண் அது. ஒரு காலத்தில் கப்பலுக்குள் எத்தனை மது பீப்பாய் கொள்ளும் என்று எண்ணியதன் மிச்சம்.

அந்த ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில் யாட், மீன்பிடிக் கலம் ஆகியவற்றோடு, பழங்கால முறையில் கட்டிய மரக்கலமும் இருக்கிறது. தூத்துக்குடியில் நிற்கும் தோணிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி கொஞ்சம் உறுத்தும். காய்கறியும் கட்டுமானப் பொருளுமாகச் சில நூறு டன் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும் மரக்கலங்கள் அவை. இப்போது எஞ்சினும் உண்டு. ஓடாவிகள் கண்ணளவில் கட்டி இறக்கியவை. தண்டல் ஒருவர் தலைமையில் சிறு குழு ஓட்டிப் போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையில் ஓய்வு. நாடு விட்டு நாடு சரக்கு கொண்டுபோகும் எதுவும் கப்பல்தான் என்பது என் கட்சி. சட்டம் தோணியைப் பாய்க்கலம் என்று தனிக் கணக்கில் வைத்திருக்கிறது.

இனி யாட். வேட்டையோடு தொடர்புடைய இந்த டச்சுப் பெயர், முதலில் வேகமாக ஓடும் சிறு கப்பல்களைக் குறித்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேவுக்கும் வணிகத்துக்கும் இவற்றை வைத்திருந்தது. 1609இல் ஹென்றி ஹட்சன் வட அமெரிக்காவுக்கு ஓட்டிப்போன 'ஹால்வே மான்' அந்த வகைதான். அதே கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையில் நெய்த துணியை வாங்கி, மசாலாத் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றியது. ஆக, யாட் பிறந்தபோது வேலைக்காரக் கலம். 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு 'மேரி' என்ற யாட்டைப் பரிசளித்தது. மன்னர் அதைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினார். அன்றிலிருந்து அது பணக்காரர் விளையாட்டு.

சென்னைக்கும் அந்த விளையாட்டு வந்தது. சென்னைத் துறைமுகத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் துறைமுகத்துக்குள்ளேயே இயங்குகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். அவர் ஓட்டியது நாலே கால் மீட்டருக்கும் குறைவான, ஒருவர் மட்டுமே ஏறும் படகு. ஒலிம்பிக்கில் 2000க்கு முன்பு வரை இந்தப் போட்டிக்கே 'யாட்டிங்' என்றுதான் பெயர். இன்னொரு ஓரத்தில், 2013இல் வந்த 'அஸ்ஸாம்' என்ற யாட் 180 மீட்டர் நீளம். அதுவும் யாட், இதுவும் யாட். இரண்டுக்கும் பொதுவானது பிழைப்புக்காக ஓடுவதில்லை என்பது ஒன்றுதான். வாடகைக்கு விட ஆரம்பித்தால் அந்த விலக்கு போய்விடும்.

பாய்மரத்தின் பெருமையைச் சொல்ல வேண்டுமென்றால் 'தாரிணி'யைச் சொல்ல வேண்டும். 17 மீட்டர், காசிமேட்டில் இதைவிடப் பெரிய விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் இதில் 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே 29இல் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். இருவரும் கடற்படை அதிகாரிகள். ஆனால் தாரிணிக்கு ஐ.என்.எஸ். பட்டம் கிடையாது, ஐ.என்.எஸ்.வி., அதாவது பாய்க்கலம். நகராத ராஜாளி கப்பல், உலகைச் சுற்றிய தாரிணி கப்பலல்ல!

பயணிகள் விஷயத்தில் இந்தப் பெயர்க் குழப்பம் வேறு மாதிரி. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் ரயிலேறினால் தனுஷ்கோடியில் இறங்கி, தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். அந்த ரயிலுக்குப் பெயர் போட் மெயில். 'போட்' என்றார்களே தவிர, கடலுக்கு அப்பால் கொண்டுபோனது நீராவிக் கப்பல். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பின் ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. 1980களில் அதுவும் நின்றது. ராமேஸ்வரம் ரயிலை இன்னும் பலர் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கிளம்பிய 'செரியபாணி'யில் 150 இருக்கைகள்தான். பார்வைக்குப் பெரிய லாஞ்சு. ஆனால் 12 பயணிகளைத் தாண்டியதால் சட்டப்படி கப்பலுக்கு உரிய விதிகள், அதிலும் அதிவேகக் கலங்களுக்கான தனி விதித்தொகுப்பு.

இதெல்லாம் வெறும் காகிதம் என்று தோன்றினால் பழவேற்காட்டை நினைத்துப் பார்க்கலாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு அங்கே கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீன்பிடிப் படகில் வலைக்கும் ஐஸுக்கும் மீனுக்கும் கணக்கிட்டுத்தான் இடம் விட்டிருப்பார்கள். ஆட்கள் ஏறினால், ஒருவர் எழுந்து நின்றாலும் எடை மேலே போகிறது. எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் கதை முடிந்தது. பயணிகளை ஏற்றும் கலத்துக்கு இருக்கை, உயிர்காப்புச் சட்டை, ஆள்கணக்கு, ஆய்வு என்று கேட்பது அதனால்தான்.

காஞ்சிபுரத்தின் பெயரிலேயே ஒரு கப்பலும் உண்டு. அது செய்திக்கு வந்தது நல்ல காரணத்துக்காக அல்ல. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும், எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' கப்பலும் மோதின. எண்ணெய் கசியவில்லை என்றே முதலில் சொன்னார்கள். அடுத்தடுத்த நாட்களில் கரையெல்லாம் கறுப்புக் குழம்பு. அதை அள்ளியது வாளியும் கையுமாக இறங்கிய இளைஞர்களும் தொழிலாளர்களும்தான். மோதியவை கப்பல்கள், மீன் விலைபோகாமல் தவித்தவர்கள் படகுக்காரர்கள்.

கடலில் மோதாமல் போவதற்கான 1972ஆம் ஆண்டு பன்னாட்டு விதிகளில் மட்டும் இந்தப் பாகுபாடு குறைவு. நீரில் மிதந்து போகும் எல்லாமே அங்கே கலம்தான். நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகைக் கண்டால், எஞ்சினில் ஓடும் கன்டெய்னர் கப்பல்தான் ஒதுங்க வேண்டும். துறைமுகத்தின் குறுகிய வாய்க்காலிலோ, வலை போட்டிருந்தாலும் படகு கப்பலின் வழியை மறிக்கக் கூடாது. ஆழத்தை நம்பி வரும் கப்பலுக்கு அங்கே விலக இடமில்லை.

ஒதுங்குவதற்கு முதலில் கண்ணில் பட வேண்டும். இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியைப் பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தை வேகமாகப் பிடித்துக்கொண்ட 30 அடி ஃபைபர் படகில் அது இல்லாவிட்டால் கப்பலின் ஏ.ஐ.எஸ். திரையில் அந்தப் படகு வராது. இரும்பைப் போல ஃபைபர் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. படகின் உச்சியில் உலோக ரேடார் பிரதிபலிப்பான் ஒன்றைக் கட்டுவதும், இரவில் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பதும்தான் இப்போதைக்குச் செலவு குறைந்த வழி.