பிடி அரிசியும் 120 மணி நேரமும்

விருதுநகரில் முன்பு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் வீட்டு அம்மாள் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். அது பள்ளிக்கூடத்து அரிசி. வீடு வீடாகச் சேர்ந்த அந்தப் பிடி அரிசியும், வியாபாரிகள் கொடுத்த மகமையும் கூடி க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தி வந்தன. 1889-இல் தோன்றிய அந்தப் பள்ளியில்தான் 1903-இல் பிறந்த காமராஜர் படித்தார். ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீட்டிலும் அடுப்பு அணைந்து விடவில்லை. ஆனால் ஊர்க் குழந்தைகளுக்கு எழுத்து கிடைத்தது.

இன்று விருதுநகரிலும் சிவகாசியிலும் கலாசாலைகள் பல இருக்கின்றன. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இல் பிறந்தது. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-இல். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இலும், ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-இலும் ஆரம்பமாயின. பிடி அரிசியில் வளர்ந்த கல்வி இப்போது ஊருக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறது? நேயர்கள் இப்படிக் கேட்பது நியாயமே.

கணக்குப்படி பார்த்தால் வருஷத்துக்கு 120 மணி நேரம். மகாத்மா காந்தியின் நூற்றாண்டு ஆண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் தேதி, நாட்டு நலப்பணித் திட்டம் 37 சர்வகலாசாலைகளில் 40,000 மாணாக்கர்களுடன் துவங்கியது. ‘நான் அல்ல, நீ’ என்பது அதன் மந்திரம். கோணார்க் கோயில் தேர்ச் சக்கரம் அதன் சின்னம்; அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். இதில் சேரும் மாணாக்கர் இரண்டு வருஷங்களில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதோடு, ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி முகாம் நடத்த வேண்டும். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைப்பதும் உண்டு.

இந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் பேச விரும்புகிறோம். தேசமெங்கும் இத்தகைய பதிவேடுகளில் எத்தனை மணி, எத்தனை பேர், எத்தனை மரக்கன்று என்பவை ஒழுங்காக இருக்கும். சென்ற வருஷம் கன்று நட்ட குழியிலேயே இந்த வருஷமும் நடுகிறார்கள் என்று பரிகாசம் செய்பவர்களும் உண்டு. பரிகாசத்தை விட்டுத் தள்ளுவோம். ஆனால், முகாம் முடிந்த பிறகு கிராமத்தில் என்ன தங்கியது என்பதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்க வேண்டாமா?

மற்ற இடங்களில் இது அழகுக்கான கேள்வியாக இருக்கலாம். சிவகாசிப் பக்கத்தில் இது உயிருக்கான கேள்வி. 1920-களின் துவக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பட்டாசும் அச்சுத் தொழிலும் பின்னால் வளர்ந்தன. மழை குறைந்த கரிசல் பூமிக்குச் சோறு போட்ட தொழில்கள் இவை. ஆனால் வெடியுப்போடும் கந்தகத்தோடும் வாழ்கிறவர்களுக்கு ஆபத்து அடுத்த வீட்டுக்காரன் மாதிரி. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களே அல்ல. புகையைக் கண்டு உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய அக்கம்பக்கத்து ஜனங்கள்.

புகை எழுந்தால் அதை நோக்கி ஓடாதே என்ற ஒரு வார்த்தை எல்லா வீட்டிலும் பதிந்திருந்தால் எத்தனை தாய்மார்களின் கண்ணீர் மிஞ்சியிருக்கும்! அந்த வார்த்தையை வீட்டுக்கு வீடு கொண்டு போக மாணாக்கர்களைவிடத் தகுந்தவர் யார்? ரசாயனம் படித்தவனுக்குக் காரணமும் தெரியும். விறகுத் தீ காற்றை உண்டு எரிகிறது. மண்ணைப் போட்டு மூடினால் அணையும். பட்டாசு மருந்துக்கோ வெடியுப்பே பிராணவாயுவைக் கொடுத்து விடுகிறது; மூடினாலும் அது எரியும். ஆகவே விலகி ஓடுவதே விவேகம். தீக்காயம் பட்டால் மையும் மாவும் தடவக் கூடாது. வளையல், மோதிரங்களைக் கழற்றி, 20 நிமிஷம் குளிர்ந்த குழாய் நீரில் காட்டி, சுத்தமான துணியால் மூடி, 108-க்குச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிக் காட்ட அரை மணி நேரம் போதும்.

போகிறவர்கள் கற்றுக்கொடுக்க மட்டும் போகிறதாக எண்ணிக் கொள்ளக் கூடாது. சரம் பின்னும் அம்மாளுக்கும், மருந்து செலுத்தும் பெரியவருக்கும் புத்தகத்தில் இல்லாத ஞானம் உண்டு. வெயில் ஏறினால் எந்த வேலையை நிறுத்த வேண்டும், எந்த உராய்வு பொல்லாதது, ஓர் அறையில் ஆள் கூடினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர்கள் அநுபவத்தில் அறிந்தவை. அவற்றைக் கேட்டு எழுதினால் பதிவேடு பொக்கிஷமாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. அதற்கு முன் சிறுமியாக இருந்து தீப்பெட்டி ஒட்டியவள் இன்று தாயாகவும் பாட்டியாகவும் இருக்கிறாள். அத்தகைய வீடுகளிலிருந்தும் பெண்கள் கலாசாலைக்கு வருகிறார்கள். அப்படி ஒரு பெண் தோளில் பையும் கையில் பதிவேடுமாக ஒரு கிராமத் தெருவில் நுழையும்போது, அவள் அந்நியர் வீட்டுக்குச் சேவை செய்யப் போகவில்லை. தன் தாயின் தெருவுக்கே திரும்பிப் போகிறாள். படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் சிறுமிக்கு அவளைப் பார்ப்பதே ஒரு பாடம்.

ஆகவே, மாணாக்கர்களே, உங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டிக் கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் என்பதற்குப் பக்கத்தில், எந்த வீட்டில் எது மாறியது என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் வரும் தம்பி தங்கைகள் அதே வீட்டுக்குப் போய், மாறியது நிலைத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். உங்கள் பாட்டிமார் கலயத்தில் போட்ட அரிசியை யாரும் மணி மணியாக எண்ணவில்லை. அதை உண்டு எத்தனை பிள்ளைகள் ஆளானார்கள் என்பதைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.