பி.டி.எப். பிரிண்ட் எடுக்கும் முன் ஒரு கோட்டை அளந்து பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பைல் வகை பி.டி.எப். ரயில் டிக்கெட், தேர்வு நுழைவுச்சீட்டு, கட்டண ரசீது, பாடப்புத்தகம் என எல்லாம் இந்த வடிவில்தான் வருகின்றன. இரண்டு முறை கிளிக் செய்தால் திறக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் தாள் வருகிறது. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு இந்த நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். என் நினைப்பைத் திருத்தியது எங்கள் வீட்டுத் தையல் மெஷின்.

அம்மா திண்டுக்கல்லில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். போன வருடம் அவருக்கு ஒரு கம்ப்யூட்டரும் சிறிய பிரிண்டரும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். பெண்ணின் அக்கா பட்டுப் புடவையோடு வந்து, பிரின்சஸ் கட் பிளவுஸ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மா எப்போதும் துணியிலேயே சாக்பீஸால் வரைந்து வெட்டுபவர். இந்த முறை தைரியமாக இணையத்தில் 36 அளவுக்கான பேப்பர் கட்டிங் ஒன்றை பி.டி.எப். பைலாக வாங்கினார். பிரிண்ட் எடுக்கும்போது எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ‘பிட்’, ‘ஆக்சுவல் சைஸ்’னு ரெண்டு மூணு கேக்குதுப்பா. எதைக் கொடுக்க?"

நான் அலுவலகத்தில் ஏதோ அவசரத்தில் இருந்தேன். "பிட் கொடுங்கம்மா. அப்பதான் ஓரம் வெட்டுப்படாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மா தாள்களை ஒட்டி, வெட்டி, துணியில் வைத்துத் தைத்தும் முடித்துவிட்டார். போட்டுப் பார்த்தபோது கொக்கி மாட்ட முடியவில்லை. 36 அங்குலம் இருக்க வேண்டிய சுற்றளவு 33 அங்குலம்தான் வந்திருந்தது. மாற்றுத் துணியும் கிடையாது. அது அந்தப் புடவையோடு சேர்ந்து வந்த பிளவுஸ் பிட். முகூர்த்தத்துக்கு இரண்டே நாள்.

"நீ சொன்னபடிதானே போட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்று இரவே பஸ் பிடித்து ஊருக்குப் போனேன்.

எங்கே போனது 3 அங்குலம்?

பி.டி.எப். என்பது அடோப் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட வடிவம். 2008 முதல் அது ஒரு சர்வதேசத் தரமாகவும் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எழுத்தும் படமும் போட்டது போட்ட இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று ஓர் அளவு பைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அம்மாவின் பைலில் அது ஏ4: 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம்.

பிரிண்டரில் வைத்திருந்த தாளும் ஏ4 தான். ஆனால் பிரிண்டரின் செட்டிங்கில் தாள் அளவு ‘லெட்டர்’ என்று இருந்தது. இது அமெரிக்காவில் புழங்கும் அளவு: 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். அகலம் கொஞ்சம் அதிகம். உயரம் ஏறக்குறைய 18 மி.மீ. குறைவு. நம் ஊரில் லெட்டர் தாளைப் பார்ப்பதே அபூர்வம். இருந்தும் புதிதாக இன்ஸ்டால் செய்யும் பிரிண்டர்கள் பலவற்றில் இந்த அளவே முதலில் தேர்வாகி இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

‘பிட்’ என்று கொடுத்தால், பக்கம் முழுவதும் தாளில் அச்சாகக்கூடிய பகுதிக்குள் அடங்கும்படி சுருக்கப்படும். 297 மி.மீ. உயரப் பக்கத்தை 279 மி.மீ. தாளில் அடக்க வேண்டும். அதிலும் மேலும் கீழும் பிரிண்டரால் மை வைக்க முடியாத ஓரத்தைக் கழிக்க வேண்டும். அப்படிச் சுருங்கி 92 சதவீதத்தில் வந்து நின்றிருக்கிறது. 36 அங்குலத்தில் 92 சதவீதம் போட்டுப் பாருங்கள், 33 சொச்சம் வரும்.

இவ்வளவு அனுபவம் உள்ளவர் வெட்டும்போதே கவனிக்கவில்லையா என்று தோன்றலாம். பிரின்சஸ் கட்டில் முன்னும் பின்னுமாக எட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தாளின் கீழ்ப் பக்கம் வெள்ளை இடம் கொஞ்சம் அதிகமாக இருந்ததை அம்மா கவனித்திருக்கிறார். "கம்ப்யூட்டர் போடுறது சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

திரையில் டேப் வைத்து அளக்கலாமா?

அம்மா அதையும் செய்து பார்த்தார். மானிட்டர் மீது இஞ்ச் டேப்பை வைத்து, "இங்கேயே தப்பா இருக்கே" என்றார். இது புதியவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம்தான். திரையில் நீங்கள் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் பார்ப்பதற்கு மட்டுமே. 50 சதவீதத்தில் வைத்துப் பார்த்தாலும் 400 சதவீதத்தில் பார்த்தாலும் அச்சாகும் அளவு மாறாது. திரையில் 100 சதவீதம் என்று காட்டுவதுகூட உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனைப் பொறுத்தது. அதில் டேப் வைப்பது வீண்.

பார்ப்பதற்கு மூன்று கீகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அக்ரோபேட் ரீடரில் கண்ட்ரோல் கீயுடன் 0 தட்டினால் முழுப் பக்கமும் திரையில் அடங்கும். கண்ட்ரோலுடன் 2 தட்டினால் பக்கத்தின் அகலம் திரைக்குப் பொருந்தும்; படிப்பதற்கு இதுதான் வசதி. கண்ட்ரோலுடன் 1 தட்டினால் 100 சதவீதம். இதற்கும் மெனுவில் ‘ஆக்சுவல் சைஸ்’ என்றுதான் பெயர். பிரிண்ட் விண்டோவில் உள்ள ‘ஆக்சுவல் சைஸ்’ வேறு. ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்தவரை நான் பல முறை மனதுக்குள் வைதிருக்கிறேன்.

இன்னொன்று. விண்டோஸ் கம்ப்யூட்டரில் பி.டி.எப். பைலின் மேல் இருமுறை கிளிக் செய்தால், வேறு எதுவும் இன்ஸ்டால் செய்யாதவரை அது எட்ஜ் பிரவுசரில்தான் திறக்கும். படிக்க அது போதும். அளவு முக்கியமான வேலைக்கு, அடோப் தளத்திலிருந்து இலவச அக்ரோபேட் ரீடரை இறக்கிக் கொள்ளுங்கள். பிறகு பைலின் மீது ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’ மூலம் அதில் திறக்கவும்.

வேண்டிய பக்கத்துக்குப் போவது

அம்மாவின் பைலில் முதல் சில பக்கங்கள் தையல் குறிப்பு. அதன் பிறகே வெட்ட வேண்டிய பக்கங்கள். மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டித்தான் அவர் இரண்டுக்கும் இடையே போய்வந்து கொண்டிருந்தார். கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு என் தட்டினால் பக்க எண் கேட்கும். எண்ணைக் கொடுத்து எண்டர் தட்டவும். பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்ப ஆல்ட் கீயுடன் இடது அம்புக்குறி. இந்த இரண்டாவதை அறிந்தவர்கள் என் அலுவலகத்திலேயே குறைவு.

பக்க எண்ணிலும் ஒரு சங்கடம் உண்டு. புத்தகங்களில் முன்னுரைக்கு ரோமன் எண் போட்டிருப்பார்கள். தாளில் 12 என்று அச்சாகியிருக்கும் பக்கம், பைலின் முதல் பக்கத்திலிருந்து எண்ணினால் 20-ஆவது பக்கமாக இருக்கலாம். எண்ணை நம்பி அச்சிடாமல், பிரிண்ட் விண்டோவில் தெரியும் சிறிய பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.

சொல்லைத் தேட கண்ட்ரோலுடன் எப். திரையில் தெளிவாகத் தெரியும் சொல்கூடச் சில பைல்களில் கிடைக்காது. ஸ்கேன் செய்த பைல் என்றால் அது வெறும் படம். மவுஸால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த தமிழ் பைல்களிலும் தேடல் பலிக்காது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வேறு குறியீடுகள்.

அச்சிடும்போது

முதலில் பைலைத் திறந்து கண்ட்ரோலுடன் டி தட்டவும். வரும் விண்டோவில் ‘பேஜ் சைஸ்’ என்ற வரியில் பக்கத்தின் அளவு இருக்கும். அடுத்து கண்ட்ரோலுடன் பி. பிரிண்ட் விண்டோவின் கீழே உள்ள ‘பேஜ் செட்அப்’ பட்டனைத் தட்டி, தாள் ஏ4 என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாமல் இருக்க, விண்டோஸ் செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பகுதிக்குச் சென்று உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, ‘பிரிண்டிங் ப்ரிபரன்ஸஸ்’ பகுதியில் ஏ4 என்று நிரந்தரமாக மாற்றிவிடலாம்.

பிறகுதான் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி. ‘பிட்’ தாளுக்கு ஏற்றபடி பக்கத்தைச் சுருக்கும் அல்லது பெரிதாக்கும். ‘ஷ்ரிங்க்’ என்று தொடங்குவது, தாளைவிடப் பெரிய பக்கத்தை மட்டும் சுருக்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ எதையும் மாற்றாது. ரசீது, கட்டுரை, டிக்கெட் என்றால் ‘பிட்’ கொடுப்பதில் தவறே இல்லை. ஓரத்தில் எழுத்து வெட்டுப்படாமல் வரும். தையல் கட்டிங், வீட்டு வரைபடம், புகைப்படம் ஒட்டும் கட்டம் போன்ற அளவு மாறக்கூடாதவற்றுக்கு ‘ஆக்சுவல் சைஸ்’ மட்டுமே. குரோம் பிரவுசரில் அச்சிடுபவர்கள் ‘மோர் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஸ்கேல்’ என்பதைக் ‘கஸ்டம்’ ஆக்கி 100 என்று கொடுக்கலாம்.

அதோடு நிறுத்தாமல் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டு அளந்து பாருங்கள். ‘பேஜஸ்’ என்ற கட்டத்தில் அந்தப் பக்கத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும். நல்ல பேப்பர் கட்டிங் பைல்களில் இதற்கென்றே ஒரு சதுரமோ கோடோ இருக்கும். அம்மாவின் பைலிலும் 10 செ.மீ. கோடு ஒன்று இருந்தது. நானோ அவரோ அதைப் பார்க்கவில்லை. கெட்டுப்போன தாளை எடுத்து அந்தக் கோட்டில் டேப்பை வைத்தேன். 9.2 செ.மீ.

பெரிய கட்டிங் முழுவதும் ஒரே பக்கமாக ஏ0 அளவில் வந்தால் கவலைப்பட வேண்டாம். ஏ0 என்பது 16 ஏ4 தாள்களுக்குச் சமம். பிரிண்ட் விண்டோவில் ‘போஸ்டர்’ பட்டனைத் தட்டினால் ரீடரே அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும். ‘டைல் ஸ்கேல்’ 100 என்று இருக்கட்டும். ஒட்டுவதற்கு வசதியாக ‘ஓவர்லாப்’ கட்டத்தில் சிறிதளவு கொடுங்கள். அப்போது தாள் 16-ஐவிடக் கூடுதலாகவே ஆகும்.

தமிழ் எழுத்துகள் திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் கட்டம் கட்டமாக வந்தால், ‘அட்வான்ஸ்டு’ பட்டனைத் தட்டி ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ என்பதில் டிக் செய்துவிட்டு மீண்டும் முயலவும். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

அந்தப் பிளவுஸை அம்மா விடவில்லை. தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளியே எடுத்தார். மீதிக்கு அக்குள் பக்கம் இருபுறமும் அதே நிறத்தில் வேறு பட்டுத் துண்டைக் கொடுத்தார். விடிய விடிய உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையில் கொடுத்துவிட்டார். கையை இறக்கி நின்றால் ஒட்டு தெரியாது. தையல் கூலி வாங்கவில்லை. கல்யாண வீட்டில் அந்த அக்கா ஆரத்தித் தட்டை உயர்த்தியபோது மட்டும் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் அலுவலகத்தில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். இன்னொரு கட்டிங் வாங்கியிருக்கிறாராம், சுடிதாருக்கு. என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"மொதப் பக்கம் மட்டும் போட்டேன். பத்து சரியா வந்திருக்கு" என்றார்.