நரம்பின் உறையும் சத்து மாத்திரையும்



எங்கள் ஆரணி, பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். அசல் சரிகை எவ்வாறு ஆகிறது என்பதை அறிவீர்களா? நடுவே ஒரு பட்டிழை; அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவர். நம் நரம்பிழைக்கும் அத்தகைய உறை ஒன்று உண்டு. அதன் பெயர் மயலின். செய்திகள் நரம்பின் வழியே விரைந்து செல்ல அது துணைபுரிகிறது. உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறையைச் சிதைக்கும் நோயை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர். பார்வை மங்கலாம், கால் மரக்கலாம், நடை தளரலாம். இளம் வயதினரிடையே, அதிலும் பெண்களிடம், இது மிகுதி.

என் பழைய மாணவர் ஒருவர் நெசவாளர். அவர் மகளுக்கு இந்நோய். ஒருநாள் பை நிறையச் சத்து மாத்திரைகளுடன் வந்தார். "ஐயா, இவையே நரம்பைச் சரிசெய்துவிடுமாம். மருத்துவர் தரும் ஊசியை நிறுத்திவிடலாமா?" என்றார். இரண்டு சேலைகளின் கூலி அப்பையில் இருந்தது.

நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் கற்றறிந்ததைக் கூறினேன். ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தை நார்வேயில் 92 நோயாளரிடம் சோதித்து, 2012-இல் பயன் காணவில்லை என்று அறிவித்தனர். பயோட்டின் என்னும் வைட்டமினை மிகுந்த அளவில் 13 நாடுகளில் 642 பேருக்கு அளித்துப் பார்த்தனர். 2020-இல் வெளிவந்த முடிவு, நோய் குணமடைய அது உதவவில்லை என்பதே. மேலும், அது சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையும் பிறழச் செய்யும்.

வைட்டமின் 'டி'யின் கதை சற்று வேறு. 2025-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், முதல் அறிகுறி தோன்றிய நிலையில் அதனை உயர்ந்த அளவில் பெற்றோருள் நோயின் செயற்பாடு நூற்றுக்கு 60 பேரிடமும், பெறாதோருள் 74 பேரிடமும் காணப்பட்டது. இது நம்பிக்கையூட்டும் செய்தியே. எனினும் அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணச்சத்து கூடிச் சிறுநீரகம் கெடும். வைட்டமின் பி-12 குறைந்தாலும் கால் மரக்கும்; நடை தள்ளாடும். ஆதலின் குறை எது என்பதை இரத்தப் பரிசோதனையால் முதலில் அறிதல் வேண்டும்.

"ஊசியை நிறுத்தாதே அப்பா, இப்பையை மருத்துவரிடமே காட்டு" என்றேன். அவ்வாறே செய்தார். பகலெல்லாம் வீட்டினுள்ளே குழித்தறியில் அமர்ந்திருந்த அப்பெண்ணுக்கு வைட்டமின் 'டி' குறைவு என்று தெரிந்தது. பையில் இருந்தவற்றுள் அஃது ஒன்றே எஞ்சியது, ஊசியும் தொடர்ந்தது.

சத்து மாத்திரை உடலில் உள்ள குறையை நிரப்பும். மருந்தின் இடத்தை அது நிரப்பாது. இதனை உங்கள் இல்லத்தாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.