உரிமம் எழுதாத நிரல் யாருடையது?

இணையத்தில் ஒரு நிரல் திறந்து கிடக்கிறது. காசு கேட்பாரில்லை, கடவுச்சொல் கேட்பாரில்லை. அதை எடுத்து நம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாமா? உரிமக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், கூடாது.

பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், படைப்பு உருவானதுமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். அது முடியும்வரை காத்திருந்தால், அந்த நிரலை ஓட்டும் கணினியே இருக்காது. ஆகவே நிரலைப் பிறர் பயன்படுத்த வேண்டுமானால், எழுதியவர் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அனுமதி தருவது. கட்டற்ற மென்பொருள்களில் பெரும்பாலானவை இவ்வகை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமம், மாற்றிய நிரலைப் பிறருக்குத் தருபவர் அதே சுதந்திரத்தையும் மூலநிரலையும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. எம்ஐடி உரிமம் அவ்வளவு கேட்பதில்லை; பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். இரண்டுமே பதிப்புரிமையின் பலத்தில் நிற்பவை.

இரண்டாவது, உரிமையையே துறப்பது. இதைத்தான் பொதுவுரிமை, அதாவது பப்ளிக் டொமைன் என்கிறோம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூலை எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம் அல்லவா, அதுபோல இந்த நிரலை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். மூடிய மென்பொருளுக்குள் வைத்து விற்கவும் செய்யலாம். தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

இந்த வழியின் புகழ்பெற்ற உதாரணம் எஸ்க்யூலைட் தரவுத்தளம். ஆண்ட்ராய்டு, ஐபோன், ஃபயர்பாக்ஸ், குரோம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட முதல் பதிப்பு, ஜிபிஎல் உரிமம் கொண்ட ஜிடிபிஎம் என்ற நிரலகத்தைச் சார்ந்திருந்தது. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டுத் தாமே எழுதிய பகுதியைச் சேர்த்தார். பிறர் நிரல் உள்ளே இல்லாததால்தான் முழுவதையும் பொதுவுரிமையாக்க முடிந்தது. இன்றும் அதன் மூலக்கோப்புகளின் தலைப்பில், சட்ட அறிவிப்புக்குப் பதிலாக ஒரு சிறு வாழ்த்துரையே இருக்கிறது.

அந்தத் தூய்மையைக் காப்பது எளிதல்ல. முகம் தெரியாதவர்கள் அனுப்பும் நிரலை அத்திட்டம் ஏற்பதில்லை. பங்களித்தவர்கள் தம் உரிமையைத் துறப்பதாகக் கையெழுத்திட்ட மூலப்பத்திரங்கள் தீப்பிடிக்காத பெட்டகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அப்படியும், எழுத்தில் ஓர் உரிமம் இருந்தால்தான் நிம்மதி என்னும் நிறுவனங்களுக்காக, இலவச நிரலுக்கே உரிமைச் சான்று ஒன்றை விற்கிறார்கள்.

நிறுவனங்களின் அச்சம் வீணானதல்ல. ஜெர்மனியில் ஆசிரியர் தம் பதிப்புரிமையை முழுவதுமாகக் கைவிட முடியாது. இந்தியச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் பதிப்புரிமைப் பதிவாளருக்கோ பொது அறிவிப்பாகவோ முறைப்படி தெரிவிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறுவதால்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2009இல் சிசி0 என்ற ஆவணத்தைக் கொண்டுவந்தது. உரிமையைத் துறப்பது செல்லாத இடத்தில், அதுவே நிபந்தனையற்ற உரிமமாக மாறிக்கொள்ளும். ஆனால் பேட்டன்ட் உரிமையைத் தான் விட்டுத்தரவில்லை என்றும் அது சொல்கிறது. இதனால் ஃபெடோரா லினக்ஸ் திட்டம் 2022இல், நிரலுக்கு சிசி0வை இனி ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது.

இரு வகை நிரல்களையும் கலக்கலாமா? பொதுவுரிமை நிரலை ஜிபிஎல் திட்டத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஜிபிஎல் நிரலைப் பொதுவுரிமையாக்க வேண்டுமானால், உரிமை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். பலர் சேர்ந்து எழுதிய திட்டத்தில் அது நடைமுறையில் ஆகாத காரியம்.

எனவே நிரல் எழுதும் நண்பர்களே, உங்கள் உழைப்பு பிறருக்குப் பயன்பட வேண்டுமானால் அதற்கான அனுமதியை முதல் நாளே எழுதி வையுங்கள். சுதந்திரம் அறுபடாமல் தொடர வேண்டுமா, ஜிபிஎல் இடுங்கள். நிபந்தனையே வேண்டாமா, எம்ஐடி-0 அல்லது 0பிஎஸ்டி போன்ற சிறு உரிமத்தை இடுங்கள். உரிமையைத் துறக்க முடியாத நாட்டிலும் அவை அனுமதியாகச் செல்லும். எதையும் எழுதாமல் விட்ட நிரலை, நீங்கள் எவ்வளவு தாராள மனத்தோடு பதிவேற்றியிருந்தாலும், பொறுப்புள்ள எந்தத் திட்டமும் தொடாது.