ஊர் நகரமாகும்போது – 8: தெருவின் அகலம்

தமிழ்நாட்டு ஊர்களின் நடுப்பகுதி பெரும்பாலும் இரண்டு வழிகளில் உருவாகியிருக்கிறது. சில ஊர்களில் கோயிலைச் சுற்றி எழுந்தது. சில ஊர்களில் பெருஞ்சாலையின் ஓரமாக எழுந்தது. முதல் வகைக்குத் திருவண்ணாமலை எடுத்துக்காட்டு. இரண்டாம் வகைக்கு, அங்கிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் ஏறத்தாழப் பாதித் தொலைவில் இருக்கும் கீழ்பென்னாத்தூர். ஒரே சாலையில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களின் கடைவீதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஊரின் நடுப்பகுதி எதனால் உருவாகிறது, எதனால் நெரிசலாகிறது என்பது விளங்கும்.

தேர் அளந்த வீதி

அண்ணாமலையார் கோயிலின் பரப்பு ஏறத்தாழ 25 ஏக்கர். கிழக்கே 11 நிலைகளோடு 217 அடி உயரத்தில் ராஜகோபுரம் நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய இந்தத் திருப்பணியைத் தஞ்சை நாயக்க மன்னர் செவ்வப்பர் முடித்தார். கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளுக்கு அளவுகோலாக இருப்பது தேர். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் பஞ்சமூர்த்திகளின் தேர்கள் இந்த வீதிகளில்தான் வலம் வருகின்றன. பெரிய தேர் திரும்புவதற்கு வீதி முனையில் இடம் வேண்டும். வடம் பிடிப்பவர்கள் நிற்க முன்னால் நீளம் வேண்டும். இருபுறமும் திண்ணையோ தாழ்வாரமோ தேரின் குறுக்கே நீண்டுவிடக் கூடாது. ஆண்டில் ஒரு நாள் ஓடும் தேர், மற்ற நாள்களிலும் அந்த வீதியின் அகலத்தைக் காத்து வந்திருக்கிறது.

திருவண்ணாமலை 1886-இல் நகராட்சியானது. 1989-இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மாவட்டத் தலைநகரானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. 2024-இல் மாநகராட்சியானது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பல லட்சம் பேர் நடக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தங்க இடமும் உணவும் வண்டி நிறுத்த இடமும் தேவைப்படுகின்றன. அதனால் மாட வீதிகளில் முற்றமும் திண்ணையுமாக இருந்த பழைய வீடுகள் பல, அடுக்கு மாடி லாட்ஜுகளாகவும் ஜவுளிக் கடைகளாகவும் மாறிவிட்டன. 2023-இல் ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்டும் திட்டம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கோபுரத்தின் முன்னுள்ள வெளி யாருக்குரியது, எதற்குரியது என்பதே அந்த வழக்கின் உள்ளே இருந்த கேள்வி.

சாலை அளந்த கடைவீதி

கீழ்பென்னாத்தூரின் நடுப்பகுதிக்கு அளவு கொடுத்தது சாலை. கிருஷ்ணகிரியையும் திண்டிவனத்தையும் திருவண்ணாமலை, செஞ்சி வழியாக இணைக்கும் இந்தச் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 66 என்ற எண்ணைக் கொண்டிருந்தது. இன்று அதன் எண் 77. சுற்றிலும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் நிலம். விளைந்ததை விற்கவும் விதையும் உரமும் வாங்கவும் சனங்கள் வந்து இறங்கும் இடம் பேருந்து நிற்கும் இடமாக இருந்ததால், கடைகளும் அங்கேயே கூடின.

அடுத்த கட்ட வளர்ச்சியைக் கொண்டுவந்தவை அரசு அலுவலகங்கள். கீழ்பென்னாத்தூர் ஒரு பேரூராட்சி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். திருவண்ணாமலை வட்டத்திலிருந்து பிரிந்த புதிய வட்டத்தின் தலைநகரம். 2008 தொகுதி மறுவரையறையில் சட்டமன்றத் தொகுதியாகவும் ஆகி, 2011-இல் முதல் தேர்தலைக் கண்டது. வட்டாட்சியர் அலுவலகம் வந்த ஊரில் பட்டா மாற்றவும் சான்றிதழ் வாங்கவும் தினமும் ஆள் வருகிறது. அவர்களை நம்பி மனு எழுதுபவர், ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், டீக்கடை, சாப்பாட்டுக் கடை என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஊரின் மக்கள்தொகை சிறிதாக இருந்தாலும், கடைவீதி தாங்க வேண்டிய கூட்டம் வட்டம் முழுவதற்கும் உரியது.

சாலையோர ஊர்களின் வளர்ச்சிக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. எல்லாருக்கும் சாலை முகப்பு வேண்டும். அதனால் ஊர் சாலையின் நீளவாக்கில் நீள்கிறதே தவிர, உள்நோக்கி அகலமாவதில்லை. முகப்பில் கடை, பின்னால் குடோன், அதற்கும் பின்னால் வயல் என்ற அமைப்பு பல ஆண்டுகள் நீடிக்கிறது. வெளியூர் லாரியும் உள்ளூர் சைக்கிளும் ஒரே தாரில் ஓடுகின்றன. புறவழிச்சாலை அமைத்தால் லாரி விலகும். ஆனால் கட்டுப்பாடு இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் கடைகளும் அங்கே போய், அதையும் கடைவீதியாக்கிவிடும்.

கீழே கடை, மேலே வீடு

இத்தகைய கடைவீதிகளில் மிகுதியாக எழும் கட்டடம் ஒரே மாதிரியானது. தரைத்தளத்தில் இரும்பு ஷட்டர் போட்ட இரண்டு மூன்று கடைகள், பக்கவாட்டில் குறுகிய மாடிப்படி, மேலே குடியிருப்பு. கடை வாடகை வந்தால் வங்கிக் கடன் அடையும், மேல்தளத்தில் குடும்பம் இருக்கும் என்பது இதன் கணக்கு. மொட்டை மாடியில் தூண்களின் கம்பிகள் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் தலையெடுத்தால் இன்னொரு தளம் எழுப்பலாம் என்ற நம்பிக்கை அந்தக் கம்பிகளில் இருக்கிறது. அந்த நம்பிக்கை நிறைவேற, முதல் தளம் கட்டும்போதே மூன்று தளங்களின் எடையைக் கணக்கிட்டுக் கடைக்காலும் பூட்டிங்கும் அமைக்க வேண்டும். நீட்டிய கம்பிகள் மழையில் துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் பூசியோ மெல்லிய கான்கிரீட்டால் மூடியோ வைக்க வேண்டும். துரு பருமனில் பெருகுவதால், உள்ளே இறங்கிய துரு கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

கான்கிரீட்டின் வலிமை தண்ணீரில் இருக்கிறது. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தளம் போட்ட மறுநாள் மேஸ்திரி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இதற்காகத்தான். இந்தியத் தர நிர்ணயம் 456-இன்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள்களும், கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள்களும் ஈரம் காக்கப்பட வேண்டும். கான்கிரீட்டின் வலிமையைக் கணக்கிடுவது 28-ஆம் நாளில். சித்திரை, வைகாசி வெயிலில் வேலை செய்யும்போது ஈரம் காக்கும் நாள்களில் ஒன்றைக் குறைத்தாலும் இழப்பு கட்டடத்தின் ஆயுளில் தெரியும்.

மனையும் விதியும்

கட்டடங்களுக்கான விதிகள் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உள்ளன. உயரமான கட்டடங்கள் நீங்கலாக மற்றவற்றுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களையும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். முன்னும் பின்னும் பக்கங்களிலும் விட வேண்டிய திறந்த இடம் இதற்கு மேலும் எல்லை வகுக்கிறது. 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடம் உயர்மாடிக் கட்டடமாகக் கருதப்படும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதோடு முதல் தளமோ கொண்ட வீடு கட்டுபவர்கள் இணையவழியில் சுயசான்று அளித்து உடனடி அனுமதி பெறலாம். அறிமுகமானபோது இந்தச் சலுகை குடியிருப்புக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கீழே கடை வைப்பவர் வழக்கமான முறையில்தான் அனுமதி பெற வேண்டியிருந்தது.

கட்டடத்துக்கு முன்பே முடிவாகிவிடுவது மனைப்பிரிவு. விளைநிலம் கைமாறி, புல்டோசர் வரப்புகளை அழித்து, மனைக்கற்கள் நடப்படும் அந்தச் சில வாரங்களில்தான் எதிர்காலத் தெருவின் அகலம் உறுதியாகிறது. அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளில் இருபது அடித் தெரு வரைபடத்தில் இருக்கும். இருபுறமும் படிக்கட்டும் கழிவுநீர்த் தொட்டியும் நீண்ட பிறகு ஆம்புலன்ஸ் நுழையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெற வழி கிடைத்தது. உரிமைக்குத் தாள் கிடைத்தது; ஆனால் குறுகிய தெரு குறுகியதாகவே இருக்கிறது.

முறையாக அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்துத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் அதற்கு ஈடாகப் பணமும் செலுத்தலாம். பணம் செலவாகிவிடும். வேப்ப மரமும் விளையாட்டுத் திடலும் அமைந்திருக்கக்கூடிய நிலம் திரும்ப வராது.

தண்ணீரின் வழி

இந்த வட்டாரத்து நிலம் ஏரிகளால் கோக்கப்பட்டது. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடப்பதால் வரத்துக் கால்வாய், புதிதாக வருபவர் கண்ணுக்கு வெறும் பள்ளமாகத் தெரியும். அதைத் தூர்த்துக் கடை கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக் கடைக்குள்ளேயே வரும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2003 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே போட்டு உயர்த்துவதால், கடைகளின் தரை சாலையை விடத் தாழ்ந்துவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போடுவதும், வடிகாலைச் சாலைக்கு முன்பே கட்டுவதும் இதற்குத் தீர்வு.

தண்ணீரின் வழியை மறந்தால் என்ன ஆகும் என்பதைத் திருவண்ணாமலை மிகக் கொடிய விலை கொடுத்து அறிந்தது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1 அன்று, மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட 7 பேர் மடிந்தனர். நகரின் நடுவில் இடமும் வாடகையும் எட்டாதபோது, ஏழைகளின் குடியிருப்பு மலைச்சரிவுக்கும் ஏரிக்கரைக்கும் தள்ளப்படுகிறது. நடுப்பகுதியைத் திட்டமிடுவது ஓரத்தில் வாழ்பவர்களின் உயிரோடும் தொடர்புடையது.

பேரூராட்சியின் கையில்

கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கென ஓர் உள்ளாட்சியை அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு வகுக்கிறது. தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. சொத்து வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை போன்ற சிறு வருவாயிலிருந்தும் அரசு மானியத்திலிருந்தும் தெருவிளக்கு, குடிநீர், குப்பை, வடிகால் அனைத்தையும் அவை பார்க்க வேண்டும். கட்டி முடிந்த கடைவீதியை அகலப்படுத்த இழப்பீடு கொடுக்கும் வசதி இத்தகைய உள்ளாட்சிக்கு இல்லை. ஆகவே அதனால் முடிகிற காலத்தில் முடிகிற வேலையைச் செய்வதே வழி: கால்வாய்களை அளந்து எல்லைக்கல் நடுவது, தானப் பத்திரத்தில் வந்த இடங்களுக்கு வேலி போடுவது, புதிய மனைப்பிரிவுகளின் தெருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றனவா என்று பார்ப்பது. இணைந்தால், நெடுஞ்சாலைக்குப் பின்னால் இணையான இரண்டாம் தெரு ஒன்று உருவாகும். சந்தைக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைக்கும்.

கட்டடத்தை ஐம்பது அறுபது ஆண்டுகளில் இடித்துக் கட்டலாம். தெரு அப்படியில்லை, மாட வீதிகள் நூற்றாண்டுகள் கடந்தும் தேருக்கு வழி விடுகின்றன. கீழ்பென்னாத்தூரின் அடுத்த தலைமுறைத் தெருக்களின் அகலம், இன்று ஊரோர வயல்களில் நடப்படும் மனைக்கற்களுக்கு இடையே முடிவாகிக்கொண்டிருக்கிறது.

(தொடரும்)